தனியாக உட்கார்ந்திருக்கும் ‘சிந்தனையாளன்’... அவனை உருவாக்கிய கைகள் எத்தனை? - சிற்பி ரோடினின் களிமண் வாழ்க்கை

இதைப் படிக்கிற இந்த நொடி நீங்க எப்படி உட்கார்ந்திருக்கீங்க? முதுகு கொஞ்சம் வளைந்து, கழுத்து முன்னால் குனிந்து, ஒரு கையில் போன்... ஓரளவு சரிதானே?

இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். வலது முழங்கையை எடுத்து இடது தொடையின் மேல் ஊன்றுங்கள். ஆமாம், இடது தொடைதான். வலது கையின் பின்பக்கத்தை வாயோடு சேர்த்து அழுத்துங்கள். இடது கை இடது முழங்காலின் மேல் தளர்ந்து கிடக்கட்டும். பாதங்களை உள்பக்கமாக இழுத்து, கால் விரல்களால் தரையைப் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு நிமிடம் அப்படியே இருங்கள்.

முடியலைல்ல? இடுப்பு முறுக்கும், தோள்பட்டை இழுக்கும், முதுகின் சதையெல்லாம் விறைக்கும். உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று தோன்றும்.

நீங்கள் இப்போது உட்கார்ந்தது, உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த சிலைகளில் ஒன்றின் போஸ். மீம்ஸில், புத்தக அட்டையில், வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ‘தி திங்கர்’... தமிழில் ‘சிந்தனையாளன்’. செய்தவர் பிரான்ஸ் நாட்டுச் சிற்பி அகஸ்டே ரோடின்.

பாறை மேல் ஓர் ஆள். பக்கத்தில் யாரும் இல்லை. தனக்குள் மூழ்கிக் கிடக்கிறான். அவனைச் செய்த ரோடினையும் நாம் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறோம். பூட்டிய அறை, தனிமை, யோசனை, திடீரென ஒரு மாஸ்டர்பீஸ்! ஆனால், களிமண்ணில் சிலை செய்கிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள். களிமண் அப்படி விடாது. அதைத் தினமும் யாராவது ஈரப்படுத்திக்கொண்டே இருக்கணும். இல்லாவிட்டால் காயும், சுருங்கும், வெடிக்கும், உதிரும். ரோடினின் வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்... அந்த ஈரத்துணியை மாற்றியது யார்?

மூணு தடவை ஃபெயில்!

1840 நவம்பர் 12-ம் தேதி பாரிஸில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் ரோடின் பிறந்தார். அப்பா போலீஸ் துறையில் குமாஸ்தா. பையனுக்குக் கிட்டப்பார்வை. படிப்பு ஏறவில்லை. படம் வரைவது மட்டும் பிடித்திருந்தது. 14 வயதில், கைவினைக் கலைஞர்களுக்குப் பயிற்சி தருகிற ஒரு சிறிய கலைப்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே லெகோக் என்று ஓர் ஆசிரியர். அவருடைய பாடமுறை வித்தியாசமானது. மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார். ஒரு ஓவியத்தையோ சிலையையோ நன்றாகப் பார்த்துவிட்டு வரணும். திரும்பி வந்து, பார்த்ததை ஞாபகத்திலிருந்து வரையணும். போட்டோ எடுத்து கேலரியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற நமக்கு அந்தப் பயிற்சி பெரிய தண்டனையாகத் தெரியலாம். ரோடினுக்கோ கண்ணில் ஒரு புதுக் கதவு திறந்தது. அதே பள்ளியில்தான் அவர் முதன்முதலாகக் களிமண்ணைக் கையில் எடுத்தார். அதன்பிறகு அதை விடவே இல்லை.

சிற்பியாக வேண்டும் என்றால் அன்றைய பாரிஸில் ஒரே ராஜபாட்டைதான். ‘எகோல் தே போஸார்’ என்கிற அரசு நுண்கலைக் கல்லூரி. ரோடின் நுழைவுத்தேர்வு எழுதினார். ஓவியத்தில் தேறினார், சிற்பத்தில் போச்சு. மறுபடி எழுதினார், போச்சு. மூன்றாவது முறையும் அதேதான். பின்னாளில் சிற்பத்துக்காகவே உலகம் கொண்டாடப்போகிறவரை, அதே பாடத்தில் மூணு தடவை வெளியே அனுப்பினார்கள்.

வயிற்றுப் பிழைப்புக்குக் கட்டடங்களில் அலங்கார வேலை செய்யப் போனார். தூண்களுக்கு இலை, கொடி, பூ. அங்கே கூட வேலை பார்த்த கான்ஸ்டன்ட் சிமோன் என்கிற தொழிலாளி ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தார். இலையைச் செய்யும்போது அதைத் தட்டையாகப் பரப்பாதே, இலையின் நுனி உன்னை நோக்கி எழும்பி வருகிற மாதிரி செய் என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், எந்த வடிவத்தையும் தட்டையான படமாகப் பார்க்காமல், உள்ளேயிருந்து வெளியே பிதுங்கி வருகிற ஒன்றாகப் பார்க்க ரோடின் பழகியது அப்போதுதான். கல்லூரி கொடுக்காத பாடத்தைக் கட்டட வேலை கொடுத்தது.

1862-ல் அக்கா மரியா இறந்துபோனார். ரோடின் உடைந்துபோய்ச் சிற்பத்தையே விட்டுவிட்டு ஒரு கிறிஸ்தவ மடத்தில் சேர்ந்தார். அந்த மடத்தின் தலைவர் பியர் ஜூலியன் எய்மார்ட், இந்தப் பையனின் இடம் இது இல்லை என்று புரிந்துகொண்டார். மடத்துக்குள்ளேயே களிமண் வேலை செய்ய அனுமதித்தார். ரோடின் அவருடைய மார்பளவுச் சிலையையே செய்தார். பிறகு, வெளியே போய்த் தொழிலைத் தொடரச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்தக் களிமண்ணை அன்று ஈரமாக வைத்திருந்தவர் அந்தப் பாதிரியார் என்று சொன்னால் தப்பில்லை.

உறைந்துபோன தலை

1860-களின் தொடக்கம். ரோடின் வாடகைக்கு எடுத்த முதல் ஸ்டூடியோ, ஒரு குதிரை லாயம். குளிர் எலும்பைக் குத்தும். அடுப்பெரிக்கக் காசு இல்லை. மாடலுக்குக் கொடுக்கவும் காசு இல்லை. அக்கம்பக்கத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த பீபி என்கிற முதியவரை உட்காரவைத்து, அவருடைய தலையைக் களிமண்ணில் செய்தார். மூக்கு உடைந்து நசுங்கிய முகம். அழகான முகங்களுக்கு மட்டுமே மரியாதை இருந்த காலத்தில், அந்த முகத்தில் அவருக்கு ஏதோ தெரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு நாள் களிமண்ணில் இருந்த தண்ணீர் உறைந்தது. தண்ணீர் உறைந்தால் விரியும், தெரியும்தானே? தலையின் பின்பக்கம் அப்படியே பிளந்து விழுந்துவிட்டது. மிஞ்சியது முகம் மட்டும். வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்திருப்பார்கள். ரோடின் மிஞ்சிய முகத்தையே ஒரு முழுச் சிற்பமாக நினைத்து, ‘சலோன்’ கண்காட்சிக்கு அனுப்பினார். நம்ம ஊர் சலூன் இல்லைங்க. பாரிஸில் அரசு ஆதரவோடு நடந்த பெரிய கலைக் கண்காட்சி அது. அங்கே இடம் கிடைத்தால்தான் ஒரு கலைஞனுக்கு வாழ்வு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த முகத்தின் பளிங்கு வடிவத்தை அதே சலோன் ஏற்றுக்கொண்டது 1875-ல்.

அந்தக் கஷ்ட காலத்தில்தான், 1864-ல், ரோஸ் பெரே அவருடைய வாழ்க்கைக்குள் வந்தார். கிராமத்திலிருந்து பாரிஸுக்கு வந்து தையல் வேலை செய்துகொண்டிருந்த 20 வயதுப் பெண். மாடலாக நின்றார். சமைத்தார். தைத்துச் சம்பாதித்தார். 1866-ல் இருவருக்கும் ஒரு மகன் பிறந்தான். ரோடின் அவனுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுக்கவில்லை. ரோஸைக் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

இன்னொரு வேலையும் ரோஸ் செய்தார். ரோடின் ஊரில் இல்லாதபோது ஸ்டூடியோவில் இருந்த களிமண் உருவங்களின் மேல் சுற்றியிருந்த துணிகளை நனைத்துப் பார்த்துக்கொண்டார். இது நினைப்பது போல லேசான வேலை கிடையாது. தண்ணீர் குறைந்தால் வெடிப்பு. அதிகமானால் மண் இளகி, மூக்கு வழிந்துவிடும். தினமும் தொட்டுப் பார்த்து அளவு தெரிந்து செய்யணும். 1871-ல் வேலை தேடி ரோடின் பெல்ஜியம் போனபோது, ஊரில் விட்டுவந்த களிமண் உருவங்களின் கவலை அவர் ரோஸுக்கு எழுதிய கடிதங்களிலும் வந்தது.

உயிருள்ள ஆள் மேல் அச்சு எடுத்தாரா?

பெல்ஜியத்தில் இருந்தபோது, 1875-76-ல், ரோடின் இத்தாலிக்குப் போனார். மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களை நேரில் பார்த்தார். ஃப்ளோரன்ஸ் நகரத்தில், மெடிசி குடும்பக் கல்லறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் லோரென்சோவின் சிலை ஒன்று உண்டு. பின்னால் வரப்போகும் ‘சிந்தனையாளனு’க்கு மூத்த அண்ணன்களில் ஒருவன் அவன்.

திரும்பி வந்து, ஓர் இளம் ராணுவ வீரனை மாடலாக வைத்து, ஆளுயர ஆண் உருவம் ஒன்றைச் செய்து முடித்தார். சுமார் ஒன்றரை வருட வேலை. ‘வெண்கலக் காலம்’ என்று பெயர். 1877-ல் காட்சிக்கு வைத்தபோது ரோடின் எதிர்பார்க்காத ஒரு பழி வந்து விழுந்தது. உருவம் அவ்வளவு தத்ரூபமாக இருந்ததால், உயிருள்ள மனிதனின் உடல் மேலேயே பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், ‘இது ஏ.ஐ போட்டது’ என்கிற மாதிரி!

ரோடின் கொதித்துப்போனார். மாடலின் போட்டோக்களை எல்லாம் ஆதாரமாகக் கொடுத்தார். கடைசியில் காப்பாற்றியது காகிதம் இல்லை. அவர் மாடலே இல்லாமல், ஞாபகத்திலிருந்தே களிமண்ணில் உடலை உருவாக்குவதைச் சிற்பி ஆல்ஃப்ரெட் பூஷே நேரில் பார்த்தார். அவரும் வேறு சில சிற்பிகளும் ரோடினுக்காகச் சாட்சி சொன்னார்கள். சின்ன வயதில் லெகோக் வாத்தியார் கொடுத்த ஞாபகப் பயிற்சி, 20 வருடம் கழித்து மானத்தைக் காத்தது. 1880-ல் பிரெஞ்சு அரசே அந்தச் சிலையை வாங்கியது. கூடவே ஒரு பெரிய வேலையையும் கொடுத்தது.

கதவின் மேல் ஒருவன்

அந்த வேலை, ஒரு கதவு. கட்டப்போகிற ஓர் அருங்காட்சியகத்துக்கு வெண்கல வாசல். இத்தாலியக் கவிஞர் தாந்தேவின் நரகத்தை அதில் காட்ட நினைத்தார் ரோடின். 6 மீட்டருக்கும் அதிகமான உயரம், நூற்றுக்கணக்கில் தவிக்கும் உருவங்கள். அத்தனை பேருக்கும் மேலே, வாசலின் நெற்றியில், கீழே நடப்பதைப் பார்த்தபடி ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் அவன் தாந்தே. பெயர்கூட ‘கவிஞன்’ என்றுதான். மெலிந்த, அங்கி போட்ட கவிஞனைச் செய்யாமல், உடை ஏதுமற்ற வலுவான ஓர் உடலை உட்காரவைத்தார். இப்படி 1880-81 வாக்கில், சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் களிமண்ணில் பிறந்தவன்தான் ‘சிந்தனையாளன்’.

உட்கார்ந்த உருவத்தைக் களிமண்ணில் செய்வது எவ்வளவு சிக்கல் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது தெரிந்தால் அடுத்த முறை எந்தச் சிலையைப் பார்த்தாலும் உங்கள் கண் வேற மாதிரி பார்க்கும்.

நிற்கிற உருவத்தில் எடை முழுக்கப் பாதம் வழியாகத் தரைக்குப் போகும். உட்கார்ந்தால் எடை பிரியும். இருக்கையில் கொஞ்சம், பாதத்தில் கொஞ்சம், முழங்கையை ஊன்றியிருந்தால் தொடை வழியாகவும் கொஞ்சம். எங்கே எவ்வளவு எடை இறங்குகிறது என்பது அந்த இடத்துச் சதையில் தெரியணும். இருக்கையில் அழுந்துகிற தொடை அகலமாகப் பரவும். முன்பக்கம் வயிறு மடியும், பின்பக்கம் முதுகு வில்லாக விரியும். இடுப்பு எலும்பு பின்னால் சாய்ந்தால்தான் முதுகு வளைய முடியும். இந்தச் சாய்வைக் கவனிக்காமல் விட்டால், நிற்கிற ஆளைப் பாதியில் மடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

மண்ணுக்குத் தனியாகக் கஷ்டம் உண்டு. ஈரக் களிமண் கனமானது, தன் எடையிலேயே சரியும். அதனால் உள்ளே முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் கட்டுவார்கள். கம்பி தப்பான இடத்தில் இருந்தால், மாதக்கணக்கில் வேலை செய்த பிறகு முழங்காலில் கம்பி எட்டிப் பார்க்கும். எனவே, எப்படி உட்காரப்போகிறான் என்பதை மண்ணைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அதன்பிறகுதான் சின்னச் சின்ன மண் உருண்டைகளை வைத்து, அழுத்தி, உடலை வளர்ப்பார்கள்.

ரோடினின் முறை இன்னும் கடுமை. மாடலை முன்னால் இருந்து மட்டும் பார்க்க மாட்டார். முன்னால் தெரிகிற விளிம்புக் கோட்டை மண்ணில் சரியாகக் கொண்டுவருவார். அடுத்து மாடலையும் மண்ணையும் கொஞ்சம் திருப்புவார். இப்போது தெரிகிற விளிம்பு. மறுபடி கொஞ்சம் திருப்பல். இப்படி ஒரு சுற்று முடிந்தாலும் விடமாட்டார், ஏணியில் ஏறி மேலிருந்தும் பார்ப்பார். நூறு பக்கத்திலிருந்தும் விளிம்பு சரியாக இருந்தால், நடுவில் இருக்கும் உடல் தானாகச் சரியாக வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. செல்ஃபிக்கு ஒரு ஆங்கிள் போதும். சிலைக்கு ஒரு ஆங்கிளில்கூடப் பொய் சொல்ல முடியாது.

அதனால்தான் சிந்தனையாளனின் முதுகு, முகத்தை விட அதிகம் பேசுகிறது. நெற்றியில் மட்டுமா யோசனை? கால் விரல் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் அந்த போஸில் உட்கார்ந்தபோது உங்களுக்கு இழுத்துப் பிடித்த அத்தனை சதையும் அந்தச் சிலையில் இருக்கிறது. வலது முழங்கையை இடது தொடைக்குக் கொண்டுபோன அந்த ஒரு முறுக்குதான், சும்மா உட்கார்ந்திருந்தவனை உழைக்கிறவனாக ஆக்கியது.

இதில் ஒரு சோகம். அந்தக் காலத்துப் பெரும்பாலான வேலைகளில், மண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். அச்சு இறுகியதும் உள்ளே இருக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். விரல் பட்ட அந்த மண் அத்தோடு போச்சு. அச்சிலிருந்து பிளாஸ்டர் உருவம், அதிலிருந்து வெண்கலம். இன்று நாம் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் வெண்கலம், இல்லாமல் போன ஒரு மண்ணின் ஞாபகம்தான்.

எத்தனை கைகள்?

அச்சு எடுத்தவர்கள் யார்? ரோடினின் ஸ்டூடியோவில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பளிங்கில் செதுக்கியவர்களும் பெரும்பாலும் உதவியாளர்களே. ரோடினின் கை, களிமண் கை. 70 சென்டிமீட்டர் சிந்தனையாளனை இன்று நாம் பார்க்கும் பிரமாண்ட அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தவர் ஆன்ரி லெபோஸே என்கிற தொழில்நுட்பக் கலைஞர். அந்தப் பெரிய வடிவம் 1904-ல் காட்சிக்கு வந்த பிறகுதான் சிலை உலகப் புகழ் பெற்றது. மக்களிடம் நன்கொடை திரட்டி, 1906-ல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்துக்கு முன்னால் வெண்கலச் சிலையை வைத்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் உதவியாளர் மட்டும் அல்ல, தன்னளவிலேயே பெரிய சிற்பி. பெயர் கமில் குளோதெல். 1864-ல் பிறந்தவர். ரோடினுக்காகச் சாட்சி சொன்ன அதே ஆல்ஃப்ரெட் பூஷேயின் மாணவி. பூஷே இத்தாலிக்குப் போனபோது, தன் மாணவிகளைக் கவனித்துக்கொள்ளும்படி ரோடினிடம் ஒப்படைத்தார். 1884 வாக்கில் கமில் ரோடினின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 20. ரோடின் அவரை விட 24 வயது மூத்தவர்.

சிலையில் மிகக் கஷ்டமான பகுதிகளான கை, பாதம் போன்றவற்றைச் செய்யும் பொறுப்பு கமிலிடம் வந்தது. மாடலாகவும் இருந்தார். இருவரும் காதலித்தார்கள். ரோடின் ரோஸை விட்டு வரவும் இல்லை, கமிலை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். 1890-களில் கமில் அந்த உறவை முறித்துக்கொண்டு, தனக்கென ஒரு வழியைத் தேடினார்.

அப்போது அவர் செய்த ஒரு சிற்பத்தை அவசியம் தேடிப் பாருங்கள். ‘அரட்டைக்காரிகள்’ என்று சொல்லலாம். நாலு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி ரகசியம் சொல்கிறாள், மற்ற மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்கிறார்கள். அவ்வளவுதான். சிறிய அளவுச் சிற்பம். ஆனால், அந்த நாலு முதுகும் பேசும். ரோடின் ஒரு மனிதனைத் தனியாக உட்காரவைத்தார், கமில் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தார். யோசனை தனியாக மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது?

பெண் என்பதால் அரசு வேலைகள் எளிதில் கிடைக்கவில்லை. என்ன செய்தாலும் ரோடினின் மாணவி என்ற முத்திரை. வறுமை. தன் ஐடியாக்களை ரோடினின் ஆட்கள் திருடுகிறார்கள் என்ற பயம் மனதைத் தின்றது. தன் சிற்பங்களைத் தானே உடைத்தார். 1913-ல் அப்பா இறந்த சில நாள்களிலேயே குடும்பத்தார் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று மருத்துவர்கள் பிறகு சொன்னபோதும், அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. 1943-ல் இறக்கும் வரை, 30 வருடங்கள் அங்கேயே கிடந்தார். அந்த வருடங்களில் அவர் சிற்பம் செய்யவில்லை.

1929-ல் ஒரு பழைய தோழி அவரைப் பார்க்கப் போனார். ரோடினின் ஸ்டூடியோவில் கமிலோடு ஒன்றாக வேலை செய்த ஆங்கிலேயச் சிற்பி ஜெஸ்ஸி லிப்ஸ்கோம்ப். அன்று எடுத்த போட்டோ இருக்கிறது. நாற்காலியில் கமில் உட்கார்ந்திருக்கிறார். கைகள் சும்மா இருக்கின்றன.

பாரிஸில் ஆடிய நம்ம நடராஜர்

ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் நமக்கும் அவருக்கும் ஒரு சொந்தம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த நடராஜர் செப்புத் திருமேனியின் போட்டோக்கள், கலை ஆய்வாளர் விக்டர் கோலுபேவ் மூலம் 70 வயதைத் தாண்டிய ரோடினின் கைக்குப் போயின. அவர் அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பக்கவாட்டு, ஒவ்வொரு கோணமும் ஒவ்வொரு விளிம்பு, அவருடைய பழைய பழக்கப்படியே. 1913-ல் அதைப் பற்றி உருகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-ல் அது அச்சானது.

வாழ்நாள் முழுக்க மனித உடலைப் பார்த்த ஒருவர், பெயர் தெரியாத நம்ம ஊர் ஸ்தபதிகளின் வேலைக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நடராஜருக்கு மெழுகில் உருவம் பிடித்தவர், மண் அச்சு போட்டவர், உலை ஊதியவர் யார் பெயரும் நமக்குத் தெரியாது. சிந்தனையாளனுக்கு ஒரு பெயர் மட்டும் தெரியும். இரண்டுமே பல கைகளின் வேலை.

கல்யாணமும் கல்லறையும்

1916-ல் ரோடின் தன் சிற்பங்கள், ஓவியங்கள், சேகரிப்புகள் எல்லாவற்றையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1919-ல் பாரிஸில் அவருடைய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நடுவில் வந்தது 1917. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த, அடுப்புக்கு நிலக்கரி கிடைக்காத குளிர்காலம். ஜனவரி 29-ம் தேதி, பாரிஸுக்குப் பக்கத்தில் மியூடோன் என்ற ஊரில் இருந்த வீட்டில், ரோடின் ரோஸைக் கல்யாணம் செய்துகொண்டார். சேர்ந்து வாழ ஆரம்பித்து 50 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வயது 76. பொண்ணுக்கு 72. இரண்டே வாரத்தில், பிப்ரவரி மாதம், ரோஸ் இறந்துபோனார். அதே வருடம் நவம்பர் 17-ம் தேதி ரோடினும் போய்ச் சேர்ந்தார்.

மியூடோனில் இருவருக்கும் ஒரே கல்லறை. மேலே சிந்தனையாளன் உட்கார்ந்திருக்கிறான். அவன் காலடியில், அவனைச் செய்தவரும், குதிரை லாயத்துக் காலம் தொட்டு அந்தச் சிற்பியின் களிமண்ணைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். கமிலுக்கு அப்படியொரு கல்லறை கிடைக்கவில்லை. மருத்துவமனையின் இடத்தில் புதைக்கப்பட்ட அவருடைய எலும்புகள், பிறகு பொதுக்குழிக்குப் போய்விட்டன. பாரிஸில் உள்ள ரோடின் அருங்காட்சியகத்தில் இன்று அவருடைய சிற்பங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அரட்டைக்காரிகள் அங்கே உட்கார்ந்து இன்னும் ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரோடினின் திறமையில் சந்தேகமே இல்லை. மூணு தடவை விரட்டியும், திருட்டுப் பழி போட்டும் கலங்காமல், மனித உடலை நூறு கோணத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்ட கண் அது. ஆனால், தன் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களை அந்தக் கண் எத்தனை கோணத்திலிருந்து பார்த்தது?

நீங்களும் ஏதாவது உருவாக்கிக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஷார்ட் ஃபிலிம், ஒரு ஸ்டார்ட்அப், ஒரு டிகிரி, இல்லை சும்மா ஒரு நல்ல வாழ்க்கை. நீங்கள் மூழ்கி யோசிக்கிற நேரத்தில் உங்கள் களிமண் காயாமல் பார்த்துக்கொள்கிற ஒருத்தர் கட்டாயம் இருப்பார். இரவு லேட்டாக வந்தாலும் சாப்பாடு எடுத்து வைக்கிறவர், உங்கள் ஃபைலைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் பெயர் போடச் சொல்லாதவர், இன்டர்வியூ அன்று உங்கள் சட்டையை அயர்ன் பண்ணி வைத்தவர்.

அவர் யாருன்னு இந்நேரம் உங்களுக்கே ஞாபகம் வந்திருக்கும். 50 வருஷம் எல்லாம் காக்கவைக்காதீங்க. இன்னிக்கே ஒரு போன் போட்டுடுங்க.